செல்லுக்கு முன்னால் சார்ஜரைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். தேவகோட்டை வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் இருக்கிறார்கள், நீங்கள் சென்னையில். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின், இரண்டு டார்ச், மூன்று ரிமோட், நான்கு சுவர்க் கடிகாரம், லீவுக்கு வரும் பிள்ளைகளின் பொம்மைகள் என்று இவற்றுக்கெல்லாம் பேட்டரி செல் வாங்கி மாளவில்லை. அதனால் ‘4000’ என்று அச்சடித்த ரீசார்ஜபிள் செல் நான்கும், சுவரில் நேராகச் செருகும் ஒரு சார்ஜரும் வாங்கிக் கொடுத்தீர்கள். மூன்றே மாதத்தில் நான்கும் செத்துவிட்டன. எந்த செல், எந்த சார்ஜர் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. பள்ளத்தூரில் பூட்டிக் கிடக்கும் ஐயா வீட்டில் கடிகாரம், டார்ச் எல்லாம் செல் ஒழுகிக் கெட்டுப்போகாமல் இருக்க என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

காரைக்குடியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ரேடியோ, டிவி, கடிகாரம் என்று ரிப்பேர் பார்க்கிறேன். என்னிடம் வரும் செத்துப்போன ரீசார்ஜபிள் செல்களில் பெரும்பாலானவை தானாகச் சாகவில்லை, சார்ஜர்தான் கொன்றிருக்கிறது. அதனால் எல்லாரும் செல்லின் பெயரைக் கேட்கும்போது நான் சார்ஜரைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். நல்ல செல்லை மோசமான சார்ஜரில் போட்டால் ஒரு வருடம்கூடத் தாங்காது. சுமாரான செல்லை நல்ல சார்ஜரில் போட்டால் பல வருடம் ஓடும்.

செல் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். இன்றைக்கு டபுள் ஏ, டிரிபிள் ஏ அளவில் கிடைக்கும் ரீசார்ஜபிள் செல் பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. கரண்ட் ஏற ஏற அது நிறைந்துகொண்டே வரும். நிறைந்த பிறகும் கரண்ட் வந்துகொண்டிருந்தால் அதைச் சேமிக்க இடமில்லை, அத்தனையும் சூடாக மாறும். அந்தச் சூடு உள்ளே இருக்கும் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைத்துவிடும். அப்புறம் அந்த செல் சார்ஜ் ஏறியதாகக் காட்டும், டார்ச்சில் போட்டால் ஐந்து நிமிடத்தில் மங்கிவிடும். நீங்கள் எழுதிய அடையாளம் அப்படியே இதுதான்.

ஆக, சார்ஜரின் முக்கியமான வேலை கரண்ட் கொடுப்பதைவிட எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்வது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஆச்சிமார் பதம் பார்த்து இறக்குவார்கள், ஒரு நிமிடம் தவறினால் பாகு முறுகிவிடும். செல்லுக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. சார்ஜ் ஏறும்போது வோல்டேஜ் மெல்ல உயர்ந்துகொண்டே போய், நிறைந்தவுடன் ஒரு சின்ன இறக்கம் காட்டும். ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு போல, அவ்வளவுதான். நல்ல சார்ஜர் அந்த இறக்கத்தைப் பிடித்துக் கரண்டை நிறுத்திவிடும். அதைத் தவறவிட்டாலும், செல் சூடாவதை அளந்து நிறுத்தவும் ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். மலிவான சார்ஜரில் இந்த இரண்டும் கிடையாது. செருகினால் சிவப்பு விளக்கு எரியும், பிடுங்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும்.

உங்கள் சார்ஜர் எந்த ரகம் என்று நீங்களே பார்க்கலாம். அதன் பின்பக்கம் வெளியீடு எத்தனை மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். 150 என்று இருந்தால் கணக்கு இப்படி: 2000 மில்லி ஆம்பியர் மணி (செல்லில் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று அதன் மேல் அச்சடித்திருக்கும் எண் இதுதான்) உள்ள செல்லை நிரப்ப, மெதுவான சார்ஜில் கொஞ்சம் வீணாகும் என்பதால் ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய 3000 தேவை. 3000 வகுத்தல் 150 என்றால் 20 மணி நேரம். அவ்வளவு நேரம் பொறுத்திருந்து சரியாகப் பிடுங்க யாராலும் முடியாது. காலையில் பிடுங்கினால் அரைகுறை, மறந்து இரண்டு நாள் விட்டால் அதிகப்படி. செல்லில் பாதி சார்ஜ் பாக்கி இருக்கும்போதே போட்டால் இந்தக் கணக்கும் செல்லாது.

இடைப்பட்ட ஒரு ரகம் இருக்கிறது, டைமர் வைத்தது. ஏழு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஓடித் தானாக நிற்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நம் ஊரில் அதில் ஒரு சிக்கல். நடுவில் கரண்ட் போய் வந்தால் சில டைமர்கள் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். ஒரு சித்திரை மாதம் நான் நான்கு புது செல்லை அப்படி ஒன்றில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இரவில் மூன்று முறை கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் தொட்டால் கை வைக்க முடியவில்லை, ஒரு செல்லின் மேலுறை சுருங்கியிருந்தது. அந்த நான்கும் அப்புறம் தேறவேயில்லை. பதம் பார்க்கும் சார்ஜருக்கு இந்தத் தொல்லை இல்லை. கரண்ட் வந்ததும் செல் நிறைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்து, நிறைந்திருந்தால் சற்று நேரத்தில் நிறுத்திக்கொள்ளும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிறதா, ஜோடி ஜோடியாகத்தான் போடவேண்டுமா என்பது. ஜோடிச் சார்ஜரில் இரண்டு செல்லும் ஒரே நிலையில் இருந்தால் பரவாயில்லை. ஒன்று பாதி, ஒன்று காலி என்றால் காலியானது நிரம்புவதற்குள் பாதியானது வெந்துவிடும். அதைவிட, இன்றைய எல்இடி டார்ச் பலவற்றில் மூன்று டிரிபிள் ஏ செல் போடுகிறார்கள். மூன்றை ஜோடிச் சார்ஜரில் எப்படிப் போடுவது? அடையாளம் எளிது: நான்கு குழி இருந்தால் நான்கு விளக்கு இருக்கவேண்டும், அல்லது நான்கையும் தனித்தனியாகக் காட்டும் திரை இருக்கவேண்டும். ஒரு செல்லை மட்டும் போட்டாலும் வேலை செய்யவேண்டும். நான்கு குழிக்கு ஒரே ஒரு விளக்கு என்றால் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினாலும் இதில் தவறலாம். பானாசோனிக் எனலூப் சார்ஜர்களிலேயே சிசி 51 என்பது இரண்டோ நான்கோ என்று ஜோடியாகப் போடவேண்டியது, பத்து மணி நேரம் ஓடும் டைமர் ரகம். சிசி 17 ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து நிறுத்தும், டபுள் ஏ நான்குக்கு ஏழு மணி நேரம் போல ஆகும். சிசி 55 அதே வேலையை மூன்று மணி நேரத்தில் முடிக்கும். செல்லோடு சேர்த்துப் பெட்டியாக விற்கும்போது எந்த எண் உள்ளே இருக்கிறது என்று பார்த்து வாங்கவேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் சிசி 17 போன்ற ஒன்றைத்தான் சொல்வேன். அப்பச்சிக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் காலையில் விளக்கு அணைந்திருக்கும், எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, மெதுவாக ஏற்றினால்தான் செல்லுக்கு நல்லது என்று. பாதி உண்மை. மிக மெதுவாக, 2000 செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் போல ஏற்றும்போது, நிறைந்ததும் வரவேண்டிய அந்தச் சின்ன இறக்கம் சார்ஜரின் கண்ணுக்கே படாமல் போகலாம். அது நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் அளவை நாமே தேர்ந்தெடுக்கும் சார்ஜர் என்றால் டபுள் ஏ-க்கு 500 முதல் 1000 வரை, டிரிபிள் ஏ-க்கு 300 முதல் 500 வரை வைத்தால் சரியாக இருக்கும். பதினைந்து நிமிடத்தில், அரை மணியில் ஏற்றுகிறேன் என்று வருவதை விட்டுவிடுங்கள்.

திரையில் எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்று எண் காட்டும் சார்ஜர்களும் கிடைக்கின்றன. லீட்டோகாலா, ஓபஸ், எக்ஸ்டார் போன்ற பெயர்களில் வருபவை. செல்லை முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றி, அதில் உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டுவதுதான் இவற்றின் பெரிய பலன். என்னிடம் அப்படி ஒன்று எப்போதும் மேசையில் இருக்கிறது. போட்டோ எடுப்பவர், கச்சேரி மைக் வைத்திருப்பவர் என்றால் கட்டாயம் வாங்கலாம். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பட்டன் அதிகமானால் தப்பும் அதிகமாகும்.

சார்ஜரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் பங்குனி பிறந்தால் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். செல்லின் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் சரியாக ஏறாது, ஆயுளும் குறையும். அடுப்படி வேண்டாம், இன்வெர்ட்டர் மேல் வேண்டாம், முற்றத்து வெயில் விழும் இடம் வேண்டாம். வளவில், முற்றத்தைச் சுற்றி வரும் பத்திக்கு உள்ளே, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒரு சின்னப் பலகை போட்டு வைத்தால் இதைவிட நல்ல இடம் எங்கும் கிடைக்காது. சார்ஜ் முடியும் நேரத்தில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் ஏதோ சரியில்லை.

இனி செல். உங்கள் ‘4000’ பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். டபுள் ஏ அளவு நிக்கல் செல்லில் 4000 என்பது கிடையாது. அந்த உருளைக்குள் இன்றுவரை அடைக்க முடிந்தது 2500, மிஞ்சினால் 2700 போல. டிரிபிள் ஏ-யில் 750 முதல் 1000 சொச்சம்வரை. 3000, 4000 என்று அச்சடித்தவன் மற்ற விஷயத்திலும் உண்மை சொல்லியிருக்க மாட்டான். இதற்கு மீட்டர்கூட வேண்டாம், தராசு போதும். உண்மையான டபுள் ஏ ரீசார்ஜபிள் செல் 26 முதல் 30 கிராம் இருக்கும், டிரிபிள் ஏ 12, 13 கிராம். சமையலுக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் தராசில் போட்டுப் பாருங்கள், அல்லது தெரிந்த நகைக்கடையில் கொடுத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் செல் 20 கிராமுக்குக் கீழே இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

நிக்கல் செல்லிலேயே இரண்டு வகை. பழைய வகை சும்மா வைத்திருந்தாலே வடிந்துவிடும், ஒரு மாதத்தில் கால் பங்கு போய்விடும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். ரீசார்ஜபிள் செல்லுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி இதனால்தான். டார்ச்சில் போட்டு வைப்பார்கள், இரண்டு மாதம் கழித்துப் பாம்பு வந்தது என்று எடுத்தால் எரியாது. 2005-ல் ஜப்பானின் சான்யோ கம்பெனி எனலூப் என்ற பெயரில் மெதுவாக வடியும் வகையைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி பிறகு பானாசோனிக் கைக்குப் போனது. இந்த வகை ஒரு வருடம் சும்மா இருந்தாலும் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் சார்ஜை வைத்திருக்கும். இப்போது வேறு பல கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. உறையில் ‘ரெடி டு யூஸ்’, ‘ப்ரீ சார்ஜ்டு’ என்று போட்டிருந்தால் இந்த வகை என்று பெரும்பாலும் நம்பலாம். வீட்டுக்கு இதைத் தவிர வேறு வாங்காதீர்கள்.

அதிலும் 2000 போதும், 2500 வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே உருளையில் அதிகம் அடைக்க, உள்ளே தகடுகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்பை மெலிதாக்கவேண்டியிருக்கிறது, அதனால் ஆயுள் குறைகிறது. கம்பெனியே சொல்லும் கணக்கைப் பாருங்கள்: சாதாரண எனலூப் 2100 முறை ஏற்றலாம் என்கிறார்கள், 2500 கொண்ட எனலூப் ப்ரோ 500 முறை. அது சோதனைச்சாலைக் கணக்கு, வீட்டில் அவ்வளவு வராது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வித்தியாசம்தான். கேமரா ஃபிளாஷ் வைத்துக் கல்யாணம் எடுப்பவருக்கு 2500 பயன்படும். அப்பச்சியின் டார்ச்சுக்கு 2000 போதும், 1900 என்று இருந்தாலும் போதும்.

அடுத்து வரும் சந்தேகம் எனக்குத் தெரியும். சாதா செல் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் 1.2 வோல்ட், வேலை செய்யுமா? செய்யும். ஆல்கலைன் செல் 1.5-ல் ஆரம்பிக்கும், ஆனால் அங்கே நிற்காது, பயன்படுத்தப் பயன்படுத்த 0.9 வரை இறங்கிக்கொண்டே போகும். அதன் வாழ்நாளில் பாதிக்குமேல் 1.2-ஐ ஒட்டித்தான் இருக்கும். நிக்கல் செல்லோ கடைசிவரை 1.2-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, முடியும்போது சட்டென்று இறங்கும். பொம்மை, டார்ச், கேமரா போன்று அதிகக் கரண்ட் இழுக்கும் பொருளில் நிக்கல் செல் ஆல்கலைனைவிட நன்றாகவே உழைக்கும். ஒரு சின்னத் தொல்லை உண்டு. பேட்டரி அளவு காட்டும் கருவிகள் நிறைந்த செல்லைப் போட்டாலும் பாதி என்று காட்டலாம். அதை நம்பி உடனே மாற்றவேண்டாம்.

ரத்த அழுத்த மெஷினுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் நான்கு டபுள் ஏ போடும் மெஷின்கள், கைப்பட்டையை ஊதும் மோட்டார் நல்ல கரண்ட் இழுக்கும். ரீசார்ஜபிள் பொருத்தமானதுதான், ஆனால் அதன் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். ஆல்கலைன்தான் போடவேண்டும் என்று எழுதியிருந்தால் அப்படியே செய்யுங்கள், மருந்து மாத்திரை அளவை அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். பல மெஷின்களில் அடாப்டர் செருக ஓட்டை இருக்கும். அந்த மெஷினுக்கென்று சொல்லப்பட்ட அடாப்டரை வாங்கி வைத்துவிட்டால் தினமும் இருவரும் பார்ப்பதற்குச் செல்லே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ரீசார்ஜபிள் போடவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சுவர்க் கடிகாரம் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, சாதா செல் ஒன்றே ஒரு வருடம் ஓடும். அதில் விலை கூடிய செல்லைப் போட்டு வைப்பது பணத்தை முடக்குவது. ரிமோட்டும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் செல் மாற்றவேண்டி வரும் பொருளுக்கு ரீசார்ஜபிள், மற்றதுக்குச் சாதா செல் அல்லது ஆல்கலைன். ஒன்று மட்டும் செய்யுங்கள். பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது கடிகாரம், ரிமோட் எல்லாவற்றிலும் செல்லை மொத்தமாக மாற்றிவிடுங்கள். ஓடுகிறதே என்று விட்டுவைத்த செல்தான் ஒழுகும். கேஸ் அடுப்பு, கேஸ் கீசர் இவற்றுக்குப் போடும் பெரிய கட்டை செல்லுக்கும் சாதாவோ ஆல்கலைனோ போதும்.

கொசு பேட், எமர்ஜென்சி விளக்கு இரண்டும் வேறு கதை, அவற்றின் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை சார்ஜ் போடாமல் பரணில் வைத்தால் செத்துவிடும், அவ்வளவுதான்.

லித்தியம் செல் பற்றிக் கடைக்காரர் சொல்வார், எச்சரிக்கையாகக் கேளுங்கள். டபுள் ஏ அளவிலேயே 1.5 வோல்ட் கொடுக்கும் லித்தியம் ரீசார்ஜபிள் வந்திருக்கிறது, சிலவற்றில் செல்லின் உடம்பிலேயே யுஎஸ்பி ஓட்டை இருக்கும். 1.2-ல் அடம்பிடிக்கும் ஒன்றிரண்டு கருவிகளுக்கு அது உதவும். கடைசிவரை 1.5 காட்டிவிட்டு முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடும், ரேடியோவில் போட்டால் இரைச்சல் வரலாம். நிக்கல் செல்லுக்கான சார்ஜரில் அதைப் போடவே கூடாது. இதைவிட ஆபத்தானது 14500 என்ற எண்ணில் வரும் செல். பார்க்க அச்சாக டபுள் ஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். ரிமோட்டிலோ பொம்மையிலோ போட்டால் அந்தப் பொருள் எரிந்துவிடும். வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு என்பதால் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். பொத்தான் மாதிரி இருக்கும் வட்டச் செல்லைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். பேட்டரி அகல் விளக்கு, சின்னப் பொம்மை, எடை பார்க்கும் மெஷின் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மூடிக்குத் திருகாணி இல்லாத பொருள் குழந்தை கையில் இருக்கக்கூடாது. விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

பள்ளத்தூர் வீட்டுக்கு வருகிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து எனக்கு வராத பொருள் இல்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கிறார்கள், முகப்பில் தொங்கும் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் செல் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஸ்பிரிங் அரித்துப்போயிருக்கும். சாதா செல்லில் துத்தநாக டப்பாதான் மேல்சுவர். அதுவே எரிபொருள் மாதிரி கரைந்து தீர்கிறது, கரைந்து ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். ஆல்கலைன் செல்லில் முடிந்த பிறகு வாயு சேர்ந்து, அடைப்பைத் தள்ளிக்கொண்டு காரமான திரவம் வெளியேறும். இரண்டுமே செல் தீர்ந்த பிறகு பொருளுக்குள்ளேயே கிடந்தால் நடப்பவை. மருந்து ஒன்றுதான்: வீட்டைப் பூட்டும் நாளில் எல்லாவற்றிலிருந்தும் செல்லைக் கழற்றி, அந்தந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே ஒரு கவரில் போட்டு வையுங்கள். கடிகாரம் நிற்கட்டும், யாரும் இல்லாத வீட்டில் மணி பார்க்கப் போவது யார். வாரம் ஒருமுறை பெருக்க வருபவருக்கென்று ஒரே ஒரு டார்ச் வேண்டும் என்றால் அதில் மட்டும் மெதுவாக வடியும் ரீசார்ஜபிள் செல் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். இந்த வகை ஒழுகுவது மிக அபூர்வம்.

ஏற்கெனவே ஆல்கலைன் ஒழுகியிருந்தால் வெள்ளைப் பூப்பை காதுக்குச்சியில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள், பொங்கும், பிறகு ஈரமில்லாமல் காயவிடுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் முழுக்க அரித்திருந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம். ஐயா காலத்துப் பொருள் என்று தூக்கிப் போடவேண்டாம்.

எத்தனை வாங்குவது? டபுள் ஏ எட்டு, டிரிபிள் ஏ ஆறு. ஒரு செட் பொருளில் இருக்கும்போது இன்னொரு செட் ஏற்றி டப்பாவில் தயாராக இருக்கவேண்டும், அப்போதுதான் அவசரத்துக்குக் கடைக்கு ஓட மாட்டார்கள். டபுள் ஏ-யை நான்கு நான்காகவும் டிரிபிள் ஏ-யை மூன்று மூன்றாகவும் பிரித்து மார்க்கர் பேனாவால் ‘அ’, ‘ஆ’ என்று எழுதி, வாங்கிய மாதத்தையும் போட்டு வையுங்கள். ஒன்றாக வாங்கியது ஒன்றாகவே வேலை செய்யட்டும். புதிதும் பழையதும் கலந்தால் பலவீனமானது முதலில் காலியாகும், மற்றவை அதன் வழியே கரண்டைத் தள்ளி அதைத் தலைகீழாகத் திருப்பிவிடும். அப்புறம் அந்தச் செல் அவ்வளவுதான். டார்ச் மங்க ஆரம்பித்ததும் அணைத்துவிட்டுச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். முழுக்கக் காலியான பிறகுதான் ஏற்றவேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு, இந்தச் செல்லுக்குப் பாதியில் ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது.

பணக் கணக்கு நீங்களே போடலாம். ரீசார்ஜபிள் செல்லின் விலையோடு சார்ஜர் விலையைப் பங்கிட்டுச் சேர்த்து, அதை ஒரு ஆல்கலைன் செல்லின் விலையால் வகுத்தால் எத்தனை முறை ஏற்றினால் போட்ட காசு திரும்பும் என்று வரும். தினமும் ஓடும் பொம்மைக்கு அது ஒரு கோடை லீவிலேயே வந்துவிடும். வாங்கும்போது செல்லிலும் அடாப்டரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்த இரண்டுக்குமே நம் நாட்டில் அந்தப் பதிவு கட்டாயம். பெயர் தெரிந்த செல்லிலும் போலி வருகிறது, அதனால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

தீர்ந்துபோன ரீசார்ஜபிள் செல்லைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி விற்ற கம்பெனிகளே திரும்பப் பெறப் பொறுப்பு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முனைகளில் டேப் ஒட்டிச் சேர்த்து வைத்து, மின் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பேட்டரி என்றால் நம் காரைக்குடிக்கு ஒரு தனி உரிமையே உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த சிக்ரி இங்கேதான் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே இருக்கும் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வேலைகளில் பேட்டரியும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில் செல்லைக் கண்மாய்க் கரையில் வீசுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்தப் பழைய நான்கு செல்லையும் சார்ஜரையும் கையோடு கொண்டுவாருங்கள். தராசில் போட்டு, மீட்டரில் ஏற்றி இறக்கி, உள்ளே உண்மையில் எவ்வளவு இருந்தது என்று உங்கள் கண்முன்னாலேயே காட்டுகிறேன். பள்ளத்தூர்க் கடிகாரத்தையும் எடுத்து வாருங்கள்.